மூன்று முஷ்டி உயரத்தில்

முனியாண்டி துணை

பீடோர்
7 மார்ச் 2024

அன்புள்ள மச்சான் தனேஸ்வரனுக்கு,

நானும் உன் அக்காள் குமுதாவும் பிள்ளை ஷர்மினியும் சுகம். அங்கே உன் வீட்டில் எல்லாரும் அப்படியே இருக்க முனியாண்டி அருள் செய்யட்டும். கோலாலம்பூரில் வெயில் கடுமை என்று செய்தியில் பார்த்தேன். தண்ணீர் நிறையக் குடி.

போனில் சொல்லலாம் என்றால் என் காது உனக்குத் தெரிந்ததுதான். தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று இரண்டும் போய்விட்டன. நீ ஹலோ என்றால் நான் சாப்பிட்டாயிற்று என்பேன். அதனால் கடிதம்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை காலை, செம்பனை எண்ணெய் ஆலையில் இரவுக் காவல், ஜாகா வேலை முடிந்து வெளியே வந்தேன். மணி ஏழு பன்னிரண்டு. சூரியன் இன்னும் எழவில்லை. தென்மேற்கே, ஆலைப் புகைபோக்கிக்கு மேலே, ஒன்று நின்றது. விமானம் இல்லை, மேகம் இல்லை, நட்சத்திரம் இல்லை. பதினான்கு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு மங்கிப் போனது. நான் குடிப்பவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ வானத்தைப் படித்தவன். அது என்ன என்று சொல். பேய் பிசாசு என்றோ வேற்றுக்கிரகம் என்றோ நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இது நமக்குள் இருக்கட்டும். ஷர்மினிக்குத் தாப்பாவில் ஒரு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். பையன் பெயர் யுகேந்திரன், நல்ல பிள்ளை. பெண்ணின் அப்பனுக்கு ஒரு மாதிரி என்று பேர் வந்துவிடக் கூடாது.

உன் பதிலை எதிர்பார்த்து,
மாமா சன்னாசி


கோலாலம்பூர்
16 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அக்காவையும் ஷர்மினியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்தப் பேச்சை எடுத்தாலே என் துறையில் பலர் எழுந்து போய்விடுவார்கள். அது தவறு என்பது என் கட்சி. ஒருவர் வானத்தில் எதையோ பார்த்தேன் என்றால், பார்த்திருக்கிறார். அது என்ன என்பதைத் தேடுவதுதான் எங்கள் வேலை. கேட்காமலே சிரிப்பது அறிவியல் இல்லை.

மே மாதம் 18ஆம் தேதி ஈப்போவில் ஒரு வாசகர் வட்டத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். ‘பறக்கும் தட்டுகளை அறிவியலாளர்கள் பொருட்படுத்த வேண்டுமா?’ என்பதுதான் தலைப்பு. உங்கள் சாட்சி எனக்குப் பெரிய உதவி. ஒன்று செய்யுங்கள். அதே இடத்தில் நின்று, கையை நேராக நீட்டி, முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி. தரைக்கோட்டிலிருந்து அது எத்தனை முஷ்டி உயரத்தில் நின்றது என்று அளந்து எழுதுங்கள். முடிந்தால் படமும் வரைந்து அனுப்புங்கள். உங்கள் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
தனேஸ்


முனியாண்டி துணை

பீடோர்
27 மார்ச் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாரும் சுகம். முழங்கால் பரவாயில்லை, படி ஏறினால் மட்டும் பேசுகிறது.

நீ சொன்னபடி அதே இடத்தில் போய் நின்றேன். என் மோட்டார் சைக்கிளிலிருந்து எண்ணெய் ஒழுகிய கறை தரையில் இருக்கிறது, அதனால் இடம் தப்பாது. மூன்று நாள் அளந்தேன், மூன்று நாளும் மூன்று முஷ்டி. திசையைப் பிள்ளையின் போனில் திசைகாட்டி வைத்து எடுத்தேன். எல்லாம் பின்பக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறேன். நிறம்: ஈயப் பாத்திரத்தைத் துலக்கியது போல. சத்தம்: என் காதுக்குத் தெரியாது, அதனால் ‘தெரியாது’ என்றே போட்டிருக்கிறேன்.

படம் வரைய நான்கு தாள் வீணாயிற்று. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. சின்ன வயதில் நீ கழுவாத மங்கா? பார்த்தால் உனக்கே புரியும்.

நான் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் மழை அளந்தவன். ஆலைக்குள் போகும் முன் தினமும் காலை மழைமானியைப் பார்த்து, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் எழுதிக் கொடுப்பேன். மழை இல்லாத நாளுக்கும் சுழியம் போட வேண்டும், கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. காய்ச்சலால் வேலைக்குப் போகாத நாளுக்கு ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன். கிராணி, “சும்மா ஒரு நம்பர அடிச்சு விடுங்க லா, யாரு கேக்கப் போறா?” என்பார். அடித்து விட்டதே இல்லை. இதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆசிகளுடன்,
மாமா சன்னாசி


பீடோர்
6 மே 2024

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

ஈப்போவில் நீ பேசுவதைப் பார்க்க வரலாம் என்று நினைக்கிறேன். காதில் விழாவிட்டால் என்ன, மேடையில் உன்னைப் பார்த்தால் போதும். பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். பஸ் நேரத்தை விசாரித்துவிட்டேன்.

மாமா சன்னாசி


கோலாலம்பூர்
10 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். படம் கிடைத்தது, மிக்க நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

ஈப்போவுக்கு வந்து சிரமப்பட வேண்டாம். மண்டபம் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. உங்கள் முழங்காலுக்கு ஆகாது. முடிந்ததும் நானே பீடோருக்கு வந்து எல்லாவற்றையும் எழுதிக் காட்டுகிறேன்.

அவசரத்தில்,
தனேஸ்


பீடோர்
2 ஜூன் 2024

தம்பி தனேசுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் பெண்டாட்டி பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கனகராஜ் கடைக்குச் சாமான் வாங்கப் போனோம். கனகராஜ் போனை நீட்டி, “அக்கா, இது நம்ம அண்ணன் கையெழுத்துதானே லா?” என்றான். நீ ஈப்போவில் பேசியதை யாரோ வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். பெயரைத்தான் சொல்லவில்லை நீ. படத்துக்குக் கீழே ‘செம்பனை ஆலை, பீடோர்’ என்று அவர் கையாலேயே எழுதியிருப்பது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?

உன் மாமா எட்டிப் பார்த்தார். அவர் வரைந்த படம் சுவர் உயரத்துக்கு நிற்கிறது, பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நீ. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. “மச்சான் என் படத்தப் போட்டுருக்கான் பாருங்க” என்று கடையில் நின்றவர்களிடம் எல்லாம் போனைக் காட்டினார். பிறகு கூட்டத்தைக் காட்டினார்கள். ஒருத்தன் மேசையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். “ஏன் எல்லாம் சிரிக்கிறாங்க?” என்று என்னைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். நீ சொன்னதை நான் என் கையால் எழுதிக் காட்டினேனடா பாவி. ‘வேற்றுக்கிரகத்துலேருந்து ரப்பர் மரம் வெட்ட வந்துட்டாங்க, பால் மங்கக்கூட அவங்களே கொண்டாந்துட்டாங்க லா.’ இதைத்தான் எழுதினேன். படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், வெளியே போய் மோட்டாரைக் கழுவினார். அது காலையில்தான் கழுவிய மோட்டார்.

நம் அம்மா முப்பது வருஷம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தாள். அந்த மங்கில் பிடித்த பாலில்தான் உனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வந்தது. அதை வைத்துச் சிரிப்புக் காட்ட உனக்கு எப்படி மனசு வந்தது?

யுகேந்திரன் அம்மா போன் போட்டாள். “சம்பந்திக்கு எப்பவுமே இப்படியா, இல்ல இப்பதான் ஆரம்பமா?” என்று நைசாகக் கேட்டாள். பரிசம் போடும் தேதியைத் தள்ளிவிட்டார்கள். எப்போது என்று சொல்லவில்லை. ஷர்மினி என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அவருக்கு முன்னால் மட்டும் சிரிக்கிறாள். நீ அவளுக்குத் தாய்மாமன். நினைவு இருக்கட்டும்.

குமுதா


கோலாலம்பூர்
8 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அனைவரும் நலம்தானே? இங்கே தேர்வு வேலை, தலை நிமிர நேரமில்லை.

ஒரு முக்கியமான விஷயம். ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடித் துறையில் இறால் பிரிக்கும் வேலை செய்யும் செல்லாயி என்ற அம்மாள், மகள் மூலமாக எனக்கு எழுதியிருக்கிறார். மார்ச் 5ஆம் தேதி காலை ஏழு பத்தொன்பதுக்கு அவரும் அதைப் பார்த்திருக்கிறார். வடகிழக்கில், அதாவது உங்கள் பக்கம். மகள் போனில் படமும் எடுத்திருக்கிறாள், படகுத்துறைக் கம்பத்தோடு சேர்த்து. அந்தக் கம்பத்தை வைத்து அவர்கள் பக்கத்துக் கோணத்தைக் கணக்கிட்டுவிட்டேன்.

உங்கள் பக்கத்துக் கோணமும் திசையும் வேண்டும். இரண்டு இடத்திலிருந்து பார்த்தது இருந்தால் உயரம் தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தை எந்தக் கோப்பில் வைத்தேன் என்று தெரியவில்லை. சிரமம் பாராமல் இன்னொரு முறை எழுதி அனுப்ப முடியுமா?

அன்புடன்,
தனேஸ்


பீடோர்
15 ஜூலை 2024

மதிப்புக்குரிய முனைவர் தனேஸ்வரன் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும் அவ்வாறே ஆகுக.

நீங்கள் கேட்டவை: நாள் 5.3.2024. தொடக்கம் 7.12. முடிவு 7.26. திசை தென்மேற்கு, திசைகாட்டியில் 238. உயரம் மூன்று முஷ்டி. மூன்று நாள் அளந்தது. சத்தம் தெரியாது.

வேறு விசேஷம் இல்லை.

சன்னாசி


கோலாலம்பூர்
4 ஆகஸ்ட் 2024

மாமாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

‘முனைவர்’ என்றும் ‘நீங்கள்’ என்றும் எழுதியிருந்தீர்கள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்காவின் கடிதம் ஜூன் மாதமே வந்துவிட்டது. அதை ஒரு மாதம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உங்களிடம் எண்களைக் கேட்டவன் நான். வேலை அதிகம் என்றது பொய். பயம்.

உங்கள் கடிதம் கோப்பில் இல்லை. படத்தை மட்டும் கத்தரித்து ஸ்கேன் செய்துவிட்டு மீதியைக் குப்பையில் போட்டேன். மண்டபம் தரைத்தளம்தான், மாமா. நீங்கள் வந்தால் எல்லாவற்றையும் உங்கள் காதில் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் வர வேண்டாம் என்றேன். நீங்கள் சட்டை தைக்கக் கொடுத்திருந்ததைப் படித்த பிறகும் அப்படி எழுதினேன்.

அன்று முதல் கால் மணி நேரம் ஒழுங்காகத்தான் பேசினேன். முன்வரிசையில் எங்கள் துறைத்தலைவர் விக்னேஸ்வரன் இருந்தார். உங்கள் படம் திரையில் வந்ததும் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். உங்களை நம்பகமான சாட்சி என்று சொல்ல வாயெடுத்தவன், சொன்னால் என்னையும் தோட்டத்தான் என்று ஒதுக்கிவிடுவார் என்று நடுங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்குள் நானே உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று தோன்றியது. கூட்டம் சிரித்தபோது எனக்கு இனித்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

செல்லாயி அம்மாளும் அன்று அந்த மண்டபத்தில் இருந்திருக்கிறார். அந்தப் படத்தைக் காட்டத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். கூட்டம் சிரித்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். எழுதவே அவருக்கு ஏழு வாரம் ஆகியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கோடும் அவர் கோடும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர் உயரம். பயணிகள் விமானம் அங்கே போகாது. வானிலை பலூனாக இருக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன், அன்று அந்தப் பக்கம் விட்டதாகப் பதிவு இல்லை. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை, மாமா. நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதிய அதே பதில். மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பேராக் மாநிலத் தோட்டங்களின் மழைப் பதிவுகளை எடுத்தேன். அதில் நம் தோட்டத்துப் பதிவுதான் மிகச் சுத்தமானது என்று எழுதியிருக்கிறேன், உங்கள் பெயர் போடாமல். இருபத்திரண்டு வருஷ எண்களில் ஒன்றைக்கூட நான் சந்தேகப்பட்டதில்லை. அந்த எண்களை வைத்துப் பட்டம் வாங்கினேன்.

வருகிற 25ஆம் தேதி அதே மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதே படத்தைப் போட்டு நடந்ததைச் சொல்லப் போகிறேன், உங்கள் பெயரோடு. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள்.

தனேஸ்


கோலாலம்பூர்
3 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்களிடமிருந்து வரி எதுவும் வரவில்லை, அதனால் பேசிவிட்டேன்.

மே மாதம் நூற்றைம்பது பேர் வந்தார்கள். இந்த முறை பத்தொன்பது பேர். விக்னேஸ்வரன் வரவில்லை. உங்கள் பெயரைச் சொன்னேன், மழை அளந்ததைச் சொன்னேன், நான் என் அக்காள் கணவரைக் கேலி செய்து கைத்தட்டு வாங்கியவன் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. செல்லாயி அம்மாள் எழுந்து, “அந்த அண்ணே பாத்ததத்தான் நானும் பாத்தேன், பொய்யில்ல” என்றார். முழுப் பேச்சையும் இணையத்தில் போட்டிருக்கிறேன். கேலி வீடியோவை எண்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். இதை நாற்பத்தொரு பேர். அதிலும் ஆறு முறை நான்தான்.

தாப்பா வீட்டில் என்ன சொல்கிறார்கள்? அவர்கள் காலில் விழ வேண்டும் என்றாலும் வருகிறேன். தாய்மாமன் என்று வந்து நிற்க எனக்கு இனி உரிமை உண்டா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

தனேஸ்


முனியாண்டி துணை

பீடோர்
14 அக்டோபர் 2024

அன்புள்ள மச்சான் தனேஸ்வரனுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் குடும்பமும் சுகமாக இருக்கட்டும். பதில் எழுத நாளாகிவிட்டது. மனசு ஒத்துழைக்கவில்லை.

நீ எழுதிய இரண்டு கடிதங்களையும் குமுதா படித்துவிட்டு அழுதாள். நீ பேசிய வீடியோவை ஷர்மினி எழுத்தாக்கிக் காட்டினாள். நாற்பத்தொரு பேரில் மூன்று பேர் நம் வீடு என்று வைத்துக்கொள், மூன்று பேர் தாப்பா வீடு. யுகேந்திரன் பார்த்துவிட்டு அவன் அம்மாவிடம், “மாமா வானத்தப் பாத்தா உங்களுக்கு என்னம்மா? நம்ம அப்பா வருஷம் பூரா நாலு நம்பர் லாட்டரிச் சீட்டத்தானே பாத்துக்கிட்டு இருக்காரு லா” என்றானாம். போன வாரம் பரிசம் போட்டுவிட்டார்கள். உன்னைக் கூப்பிடவில்லை. அது என் கோபம், குமுதா மேல் குற்றம் இல்லை.

கல்யாணம் நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும், அதனால் இதோடு வைத்திருக்கிறேன். நேரில் வந்து தாம்பூலத்தோடு கொடுப்பதுதான் முறை. முழங்காலைச் சாக்குச் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் போகட்டும் என்று தோன்றியது. முந்தின நாளே வந்துவிடு. மாலை எடுத்துக் கொடுத்துப் பிள்ளையை நீதான் மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்த எனக்கு மனசு இல்லை.

மச்சான், இன்னொரு சேதி. போன வியாழக்கிழமை காலை ஆலை வாசலில் மறுபடியும் ஒன்றைப் பார்த்தேன். அன்று பார்த்ததைவிடக் கிட்டத்தில் இருந்தது. பக்கத்தில் இரண்டு லாரிக்காரர்கள் நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் சாவியைத் தேடுகிறவன் போல் நின்றேன். சாவி கையில்தான் இருந்தது. நிமிர்ந்தபோது அது இல்லை. எந்தத் திசை, எத்தனை முஷ்டி, எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதாதே. ஒன்றும் குறித்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
மாமா சன்னாசி